ஐயத்தையும் எழுதித் தர வேண்டும்



“மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாக இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை.” நரம்பியல் மருத்துவரிடம் இவ்விடையைப் பெற்று வீடு திரும்பும் குடும்பங்களைக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். நோய் உண்டு என்றால் மருந்துக்கு வழி தேடலாம். இல்லை என்றால் மாதா கோயிலிலோ முருகன் சந்நிதியிலோ நேர்ச்சையைச் செலுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இரண்டும் அற்ற இடைநிலையில் நிற்பவர் என்ன செய்வார்?

அவ்விடைநிலை சிலருக்குச் சில வாரங்களில் முடிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நோயின் பெயர் உறுதியாகும்வரை பொறுத்திருப்பது மருத்துவத்தில் தவிர்க்க இயலாதது என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் அந்தப் பொறுத்திருத்தல் வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடலாகாது என்பதே நம் கருத்து. எந்த நோய் ஐயுறப்படுகிறது, எந்த நோய்கள் விலக்கப்பட்டுள்ளன, அடுத்த பரிசோதனை எப்போது, எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும் ஆகியவை எழுத்து வடிவில் நோயாளர் கையில் இருக்க வேண்டும். கேளாமலே அதனைத் தருவது மருத்துவமனையின் கடமை. தரப்படாவிடில் கேட்டுப் பெறுவது நோயாளரின் உரிமை.

பெயர் உறுதியாக ஏன் காலம் ஆகிறது?

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே அவ்வுறையைத் தாக்குவதும், தாக்குண்ட இடங்கள் தழும்பேறி இறுகுவதும் இந்நோயின் இயல்பு. தமிழில் இதனைத் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுவதுண்டு. மூளையும் கண் நரம்பும் சேர்ந்தே தாக்கப்படுவதால், மருத்துவமனைகளில் வழங்கும் ‘எம்.எஸ்.’ என்னும் சுருக்கப் பெயரையே இங்குக் கையாள்கிறோம். இது பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது; ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்குதல், காண்பவை இரண்டிரண்டாகத் தெரிதல், கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க இயலாமை, தாளாத சோர்வு என இதன் அறிகுறிகள் பலவாகும்.

இவ்வறிகுறிகள் பலருக்குச் சில நாள்களோ சில வாரங்களோ இருந்துவிட்டுத் தாமாகவே தணிகின்றன. ஆகவே முதல் முறை கண் மங்கியவர் கண் மருத்துவரிடம் செல்கிறார். அடுத்த ஆண்டு கால் மரத்தவர் எலும்பு மருத்துவரிடம் செல்கிறார். தலைசுற்றல் வந்தால் காது மருத்துவரிடம் செல்கிறார். மூன்று மருத்துவர்களும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே பார்த்திருக்கலாம். மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பவர் இல்லாமையால் நோய் மறைந்து நிற்கிறது.

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868-இல் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்து விளக்கினார். அன்று முதல் இன்றுவரை, இந்நோயை ஐயமறக் காட்டும் ஒற்றை இரத்தப் பரிசோதனை கண்டறியப்படவில்லை. நோயாளர் கூறும் வரலாறு, நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகிய நான்கையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டியுள்ளது. இதற்கென நரம்பியல் அறிஞர் இயன் மெக்டொனால்டு தலைமையிலான குழு 2001-இல் நெறிமுறை ஒன்றை வகுத்தது. அது 2005, 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் 2025-இல் வெளிவந்தது.

அந்நெறிமுறை அடிப்படையில் இரண்டு சான்றுகளைத் தேடுகிறது. நரம்பு மண்டலத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு உள்ளதா என்பது ஒன்று; வெவ்வேறு காலங்களில் அப்பாதிப்பு நேர்ந்துள்ளதா என்பது மற்றொன்று. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் குறைந்தது 24 மணி நேரம் நீடிக்கும் அறிகுறியையே ஒரு தாக்குதலாகக் கொள்கின்றனர். இரு தாக்குதல்களுக்கு இடையில் குறைந்தது 30 நாள்கள் இருக்க வேண்டும். தண்டுவட நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் எனப்படும் புரதக் கோடுகள் தென்பட்டால், காலச் சான்றுக்கு அதனை ஈடாகக் கொள்ளலாம் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் கண் நரம்பையும் புதிய திருத்தம் சேர்த்துள்ளது. இத்திருத்தங்களின் பயனாக, முன்பு இரண்டாம் தாக்குதலுக்காகக் காத்திருந்தவர்களில் பலருக்கு இப்போது முதல் தாக்குதலிலேயே விடை கிடைக்கிறது. ஆயினும் சிலர் எஞ்சியே நிற்கின்றனர்.

முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற நம் கரைக்கு இத்தகைய காத்திருப்பு புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பார்களைப் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, விளைச்சலை மதிப்பிட்ட பின்பே சலாபம் அறிவிக்கப்பட்டது. சிப்பி முதிராவிடில் பொறுத்திருந்தனர். எந்தப் பாரில் எந்நிலையில் சிப்பி உள்ளது என்பதைப் பதிவு செய்துகொண்டே பொறுத்திருந்தனர். நோயறிதலிலும் பதிவோடு கூடிய காத்திருப்பே வேண்டும் என்கிறோம்.

தவறான பெயரின் விலை

‘ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி மருந்தைத் தொடங்கிவிட்டால் போதாதா?’ என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. போதாது. எம்.எஸ். போலவே தோன்றி, வேறு மருந்தால் குணமாகும் நோய்கள் பல உள்ளன. வைட்டமின் பி12 குறைவு தண்டுவடத்தைப் பாதித்து நடையைத் தள்ளாட வைக்கும். உரிய காலத்தில் அறிந்தால் ஊசியாலேயே பெரிதும் சீராகும். காசநோய், சிபிலிஸ், எச்.ஐ.வி., லூப்பஸ் முதலியனவும் நரம்பு மண்டலத்தில் இத்தகைய தோற்றத்தைக் காட்டக்கூடும். ஒற்றைத் தலைவலி உடையோரின் ஸ்கேன் படத்திலும், நெடுநாள் இரத்தக் கொதிப்பு உடையோரின் ஸ்கேன் படத்திலும் வெண்புள்ளிகள் தென்படுவது இயல்பே.

நம் கடற்கரைக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சங்கு குளிக்கச் செல்வோர் ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும்போது இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் தோன்றித் தண்டுவடத்தைத் தாக்கலாம். கால்கள் மரத்துச் செயலிழக்கலாம். ஆகவே மருத்துவர் தொழிலைப் பற்றிக் கேட்டால், ‘கடல் தொழில்’ என்று பொதுவாகச் சொல்லாமல், கடலுக்குள் இறங்குபவரா, கடைசியாக இறங்கியது எந்நாள் என்பவற்றையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையாக வேறுபடுத்த வேண்டியது நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்னும் நோயாகும். பிரான்சு நாட்டு மருத்துவர் யூஜேன் தெவிக் 1894-இல் இதனை விரித்துரைத்தார். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் இது, நெடுங்காலம் எம்.எஸ். நோயின் ஒரு வகையாகவே கருதப்பட்டது. 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வாண்டா லெனனும் உடன் ஆய்வாளர்களும் இந்நோயாளரின் இரத்தத்தில் தனித்த எதிர்ப்பொருள் ஒன்று இருப்பதை வெளியிட்டனர். அக்குவாபோரின்-4 என்னும் புரதத்தையே அது குறிவைக்கிறது என்பது அடுத்த ஆண்டில் தெளிவாயிற்று. எம்.எஸ். நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் இன்டர்ஃபெரான் பீட்டா, நாட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்றவை இந்நோயைத் தணிப்பதற்கு மாறாகக் கடுமையாக்கக்கூடும். பெயர் பிழைத்தால் மருந்தே பகையாகிறது. ஐயம் உள்ள இடத்தில் அக்குவாபோரின்-4, எம்.ஓ.ஜி. ஆகிய இரு எதிர்ப்பொருள் பரிசோதனைகளும் செய்யப்பட்டனவா என்று கேட்பது நோயாளரின் அறியாமையைக் காட்டுவதன்று, பொறுப்பைக் காட்டுவது.

வளம் மிக்க நாடுகளிலும் பெயர் பிழைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு எம்.எஸ். மையங்களுக்கு, அந்நோய் உண்டு என்று முன்னரே சொல்லப்பட்டு வந்த 241 பேரை ஆராய்ந்ததில், 43 பேருக்கு அந்நோயே இல்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எம்.எஸ். என்று தவறாகப் பெயரிடப்பட்ட 110 பேரைப் பற்றிய மற்றோர் அமெரிக்க ஆய்வு 2016-இல் வந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ அத்தவறான பெயரைச் சுமந்திருந்தனர்.

இந்தியாவில் இந்நோய் மிக அரிது என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவியும் நரம்பியல் மருத்துவர்களும் பெருகிய பின்பே உண்மை நிலை புலப்படலாயிற்று. நம்மைப் போன்றே துறைமுக நகரான மங்களூருவில் டாக்டர் லேகா பண்டிட்டும் உடன் ஆய்வாளரும் நோயாளர் பதிவேட்டை உருவாக்கி, நகர மக்களில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 பேர் என்ற அளவில் எம்.எஸ். காணப்படுவதாக 2014-இல் வெளியிட்டனர். எண்ணிப் பார்த்ததாலேயே கிடைத்த விடை அது. அரிது என்னும் எண்ணம் மருத்துவரின் மனத்தில் இருந்தால் நோய் தவறவிடப்படும்; ஸ்கேன் படத்தில் புள்ளியைக் கண்டதும் அந்நோயே என்று விரைந்தால் பெயர் பிழைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாதையில்தான் நேர்மையான மருத்துவர் நடக்கிறார். அவர் ‘இருக்கலாம்’ என்று சொல்வதை அலட்சியம் என்றோ திறமைக் குறைவு என்றோ கொள்ளாதீர்கள்.

காகிதம் இல்லாத அலைச்சல்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் அமைந்த நம் புதுக்கோட்டைக்கு ஒரு புறம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியும் மறுபுறம் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அவற்றுக்கு அப்பால் மதுரை, வேலூர், சென்னை, திருவனந்தபுரம் என்று குடும்பங்கள் பயணப்படுகின்றன. இரண்டாம் கருத்துக் கேட்பதில் குறையேதும் இல்லை. இத்தகைய நோயில் அது நன்மையே தரும். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் கதையை முதலிலிருந்து தொடங்குவது பயன் தராது. முந்தைய மருத்துவர் எதை எண்ணினார், எதை விலக்கினார் என்பதற்கு எழுத்து இல்லாமையால் அதே இரத்தப் பரிசோதனைகள் மீண்டும் செய்யப்படுகின்றன. ஸ்கேன் மீண்டும் எடுக்கப்படுகிறது. உப்பளத்திலோ கடலிலோ நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பத்தின் சேமிப்பு, விடை கிடைக்குமுன்பே கரைந்துவிடுகிறது.

காலமும் வீணாகிறது. ஒரு கண்ணில் நரம்பழற்சி மட்டும் கண்ட நோயாளரை அமெரிக்காவில் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்க ஸ்கேனில் மூளையில் பாதிப்பு ஏதும் இல்லாதவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், ஒரு பாதிப்பேனும் இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் அக்காலத்துக்குள் எம்.எஸ். உறுதியாயிற்று. அதாவது, இன்றைய ஸ்கேன் நாளைய வாய்ப்பைப் பெரிதும் உணர்த்துகிறது. ‘பார்வை திரும்பிவிட்டது, இனி ஏன் போக வேண்டும்?’ என்று இருந்துவிடுவோர், மருந்து மிகுதியாகப் பயன்தரும் தொடக்க ஆண்டுகளை இழக்கக்கூடும். ஸ்டீராய்டு ஊசியால் அறிகுறி தணிந்ததைக் கொண்டு நோய் எம்.எஸ். தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. வேறு பல அழற்சி நோய்களும் ஸ்டீராய்டுக்குத் தணியும்.

மறைப்பும் அச்சமும்

திருமணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு இத்தகைய ஐயம் எழும்போது, பெற்றோர் அதனை அவளிடமிருந்தே மறைக்க முயல்வதுண்டு. கோப்பைத் தந்தையே வைத்துக்கொள்வார். மருத்துவரிடம் தனியே பேசுவார். அன்பினால் செய்வதே ஆயினும் இது அவளுக்குத் தீங்காகவே முடிகிறது. மீண்டும் கண் மங்கினால், எதைக் கருதி விரைந்து வர வேண்டும் என்பதை அவள் அறியாள். எம்.எஸ். தொற்றுநோய் அன்று. திருமணத்துக்கும் தாய்மைக்கும் அது தானாகவே தடையாவதில்லை. சில மருந்துகளைக் கருவுற்ற காலத்தில் தவிர்க்க வேண்டியிருப்பதால், அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்; பேசுவதற்கு அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்தால் கால் முடங்கிவிடும் என்னும் அச்சமும் நம் ஊர்களில் உண்டு. தண்டுவடம் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. சிலருக்குச் சில நாள்கள் தலைவலி இருக்கலாம். பெரும்பாலும் ஓய்விலும் எளிய மருந்திலும் அது அகலும். அச்சத்தால் அப்பரிசோதனையை மறுப்போர், விடை தரும் சான்றுகளுள் ஒன்றைத் தாமே மூடிவிடுகின்றனர்.

நாம் வேண்டுவது

மருத்துவமனைகளிடம் நாம் வேண்டுவது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஐயநிலையில் வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், டிஸ்சார்ஜ் சுருக்கத்திலோ வெளிநோயாளர் சீட்டிலோ ஆறு செய்திகள் எழுதப்பட வேண்டும். இப்போது ஐயுறப்படும் நோய்கள் எவை. அதற்குச் சான்று எது. விலக்கப்பட்ட நோய்கள் எவை, எந்தப் பரிசோதனையால். இன்னும் வர வேண்டிய முடிவுகள் எவை. அடுத்த ஸ்கேனும் அடுத்த சந்திப்பும் எந்த மாதம். எந்த அறிகுறி எவ்வளவு நேரம் நீடித்தால் காத்திராமல் வர வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும் தமிழில் இருக்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். ஐயத்தை எழுதித் தந்தால் நோயாளர் கலங்குவார் என்பது ஒன்று. கலக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. எழுத்து அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் நேரம் இல்லை என்பது மற்றொன்று. அது உண்மையே. எனினும் ஆறு வரி எழுத ஆகும் நேரம், அடுத்த மருத்துவர் அதே வரலாற்றை மீண்டும் கேட்டறியும் நேரத்தைவிடக் குறைவு. எழுதித் தந்தால் அதைக் கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவர் என்பாரும் உளர். எழுத்து இல்லாவிட்டாலும் போகத்தான் செய்கின்றனர், வெறுங்கையோடு போகின்றனர்.

நோயாளர் பங்கும் உண்டு. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஸ்கேன் ஃபிலிமோடு அதன் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட அதுவே உதவும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.

ஒரு சிறு குறிப்பேட்டில் அறிகுறிகளை எழுதி வாருங்கள். என்ன நேர்ந்தது, எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, காய்ச்சல் இருந்ததா என்ற நான்கும் போதும். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் தெஸ்தே, 1822-இல் கண் மங்கியது தொடங்கித் தம் உடலில் நேர்ந்தவற்றைப் பல ஆண்டுகள் எழுதி வந்தார். நோய்க்குச் சார்க்கோ பெயரிடுவதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1848-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்ததைக் கொண்டே, அவருக்கு இருந்தது எம்.எஸ். நோய் என்று அவர் மறைந்து நூறாண்டு ஆனபோது மருத்துவர் டக்ளஸ் ஃபிர்த்தால் விளக்க முடிந்தது. உங்கள் குறிப்பேட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த சந்திப்பிலேயே அது பயன்படும்.

அக்குறிப்பேட்டில் வெயிலையும் குறியுங்கள். உடல் சூடேறும்போது பழைய அறிகுறிகள் மீண்டும் தலைகாட்டி, குளிர்ந்ததும் மறைவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் 1890-இல் விளக்கினார். உப்பளத்து வெயிலில் கண் மங்கி, நிழலில் அமர்ந்ததும் தெளிந்தால் அது பெரும்பாலும் புதிய தாக்குதல் அன்று. ஒரு நாளைக் கடந்து நீடித்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெயர் உறுதியான பின் கிடைக்கும் உரிமைகளையும் மறவாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளைக் கொண்ட பட்டியலில் எம்.எஸ். நோயும் இடம்பெற்றுள்ளது. அதற்கான சான்றிதழுக்கு அடிப்படை உறுதியான நோயறிதலே. இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. தனித்து நிற்பதாக எண்ணும் குடும்பங்கள் அதனை நாடலாம்.

ஆண்டுதோறும் மே 30-ஆம் நாள் உலக எம்.எஸ். தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நோயறிதலே அதன் கருப்பொருளாக இருந்தது. உலகம் பேசிய அக்கருப்பொருள் நம் ஊரில் ஒரு தாளாக வடிவெடுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவர் ‘இருக்கலாம்’ என்று சொல்லும்போது, கை கூப்பிக் கேளுங்கள்: “ஐயா, அதையே இந்தச் சீட்டில் எழுதித் தாருங்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.”